பழுக்காத விளக்கு

“கண்ணு, பழுத்துருச்சு பாரு!”

ஹாலிலிருந்து மாமனார் சுந்தரராஜனின் குரல் வந்தது. கிருஷ்ணகுமாரி படித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே இதுவரை வெள்ளையாக எரிந்த விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது.

“காப்பி தானுங்க மாமா? இதோ வாரேன்.”

“அவசரமில்ல கண்ணு. சூடா இருந்தாப் போதும்.”

“அம்மா, பழுத்துருச்சா? என் யூனிஃபார்ம இன்னும் தேய்க்கவே இல்ல!” இது மகள் பூங்குழலி.

“குமாரி, ரெஸ்ட்டு தானே? அப்படியே அந்தக் குக்கரையும் ஏத்தி வச்சுட்டு வந்துரு.” இது கணவன் பூபாலன்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கிண்ணம் தெரிந்தது. “அக்கா, உறை ஊத்தக் கொஞ்சம் மோர் இருக்குங்களா? உங்க வெளக்கு மாறட்டும்னுதான் நின்னுக்கிட்டே இருந்தேன்.” இது அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் நர்ஸ் ஜாஸ்மின்.

நாலு பேருக்கும் நாலு பதில் சொல்லி, நாலு வேலையையும் முடித்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்தபோது விளக்கு வெள்ளைக்கு மாறி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. விரல் வைத்திருந்த வரி எதுவென்று தேடினாள். அந்தப் பக்கம் முழுவதையும் இப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல இருந்தது.

இந்த விளக்கு அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பூபாலனுக்குச் சொந்த ஊர் ராசிபுரம். செம்மேட்டில் தாலுகா ஆபீஸுக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு மலைக்கு வந்து சேர்ந்தவன். கிருஷ்ணகுமாரி கல்யாணத்துக்கு முன்பே பட்டம் வாங்கியவள். குரூப் ஃபோர் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் வேலையின் வாசற்படி வரை போய்த் திரும்பியிருந்தாள். இது மூன்றாவது முறை. பூபாலன் கெட்டவன் இல்லை. மனைவி வேலைக்குப் போக வேண்டும் என்று அவளைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு ஸ்மார்ட் பல்புகளை வரவழைத்தான். படிக்கிற அறையில் ஒன்று, ஹால் வாசலுக்கு மேலே ஒன்று.

“இங்க பாரு புள்ள. இருபத்தஞ்சு நிமிசம் வெள்ளை. அப்ப நீ படிக்கற. அஞ்சு நிமிசம் ஆரஞ்சு. அப்ப உனக்கு ரெஸ்ட்டு. அதுவா மாறிக்கும். நீ கடிகாரத்தையே பாக்க வேண்டாம். மூளை களைக்கவே களைக்காதாம்!”

அதோடு விடாமல் வீட்டாரையும் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டான். “வெள்ளை எரியறப்ப இந்த ஊட்டுல ஒருத்தரும் அவளைக் கூப்பிடக் கூடாது. சொல்லிப்போட்டேன்.”

சட்டத்தை எல்லோரும் அப்படியே மதித்தார்கள். வில்லங்கமே அங்கேதான் ஆரம்பித்தது. வெள்ளை எரியும்போது கூப்பிடக் கூடாது என்றால், ஆரஞ்சு எரியும்போது கூப்பிடலாம் என்றுதானே பொருள்? முன்பெல்லாம் வீட்டு வேலைகள் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இப்போது அவை ஹாலில் வரிசை கட்டி, விளக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன.

அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்திருந்ததால் தெருவுக்கும் சட்டம் தெரிந்துவிட்டது. மலைக்குள்ளே குண்டனி நாடு என்னும் பகுதியிலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் பொன்னாயிக்கு ஊர் விஷயமாக ஆபீஸுக்கு மனு எழுதித் தருவது கிருஷ்ணகுமாரிதான். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற பொன்னாயி, நிறம் மாறியதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

“அம்மிணி, வெளக்கு பழுத்துருச்சு! வெளிய வாங்க!”

மலையில் வாழை வைப்பவளுக்கு வேறெப்படித் தோன்றும்? அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஆரஞ்சு என்று சொல்வதில்லை. பழுத்துருச்சா, இன்னும் காயா, இதுதான் பேச்சு. கிருஷ்ணகுமாரியும் அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தாள்.

சிரிப்பு வெகு நாள் நிற்கவில்லை. விளக்கு வருவதற்கு முன்னால் மாதிரித் தேர்வுகளில் வாங்கிய மதிப்பெண், விளக்கு வந்த பிறகு இறங்கத் தொடங்கியது. படித்தது நிற்கவில்லை. நேற்றுப் பார்த்த கணக்கு இன்று புதிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடைத்தாளைத் திருத்திப் பார்த்த பூபாலன் உதட்டைப் பிதுக்கினான்.

“என்ன புள்ள இது, போன வாரத்துக்கும் கீழ போயிருக்குது? மணிக்கு ரெண்டு தடவை ரெஸ்ட்டு. கூப்பிட ஆளில்ல, கொடுமைப்படுத்த ஆளில்ல. இதுக்கு மேல நான் என்னதான் பண்ணட்டும்? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எழுதற பரீட்சையோட இது கடைசியா இருக்கட்டும். வரலைன்னா விட்டுரலாம்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. இத்தனை வசதி செய்து கொடுத்தும் ஏறவில்லை என்றால் குறை தன் தலைக்குள்தான் இருக்க வேண்டும் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். பரீட்சைக்குப் போய் இன்னொரு முறை தலைகுனிவதைவிட, போகாமலே இருந்துவிடலாம். பரீட்சையன்று காலையில் தலைவலி என்று படுத்துக்கொண்டால் போதும். அந்த முடிவோடுதான் அன்றைக்குப் படுத்தாள்.

அன்று இரவு மலையில் பேய் மழை. எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. விடிந்த பிறகுதான் வந்தது. வந்த வேகத்தில் இரண்டு விளக்குகளும் பளிச்சென்று வெள்ளையாக எரிந்தன.

“வந்துருச்சு, வந்துருச்சு! போய் உட்காரு புள்ள!” பூபாலன் அவளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினான். சனிக்கிழமை, அவனுக்கு லீவு.

“சட்னி அரைக்கலைங்க. இட்லி மட்டும்தான் ஊத்தி வச்சிருக்கறேன்.”

“பழுத்ததும் வந்து அரைச்சுக்கலாம், போ.”

அவள் உட்கார்ந்தாள். ஒரு பாடம் முடிந்தது. அடுத்ததில் பாதி போனது. நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு வெள்ளை. இன்னும் கொஞ்சம் படித்தாள். அப்போதும் வெள்ளை. இந்நேரம் இரண்டு தடவை பழுத்திருக்க வேண்டுமே? ரிப்பேர் ஆகிவிட்டதோ என்று சொல்வதற்காக எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

“ஏண்டா பூபாலா, இன்னும் பழுக்கலையா?”

“இருங்கப்பா, இப்பப் பழுத்துரும்.”

“இப்பப் பழுத்துரும், இப்பப் பழுத்துரும்னு நாக்கு வறண்டு போச்சுடா.”

“சரி, நானே வெக்கறேன். காப்பித்தூளு எந்த டப்பால இருக்குது?”

“எனக்கென்ன தெரியும்? குமாரியக் கேளு.”

“அவ வெள்ளையில இருக்கறாப்பா!”

மேல் தட்டு, பச்சை மூடி. கிருஷ்ணகுமாரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். தாழ்ப்பாளிலிருந்து கை தானாக இறங்கியது. சத்தமில்லாமல் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திருடியைப் போலக் காதை மட்டும் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அடுப்பங்கரையில் டப்பாக்கள் உருண்டன. மிக்ஸி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. எதுவோ பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. சுந்தரராஜன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “டேய், இது காப்பியா கசாயமா?” என்றார். வாசலில் ஜாஸ்மின் குரல்.

“அண்ணா, அக்கா எங்கீங்க?”

“வெள்ளையில.”

“இந்நேரம் வரைக்குமா? பாவம், பரீட்சை நெருங்கிருச்சு. அண்ணா, தூத்தல் போடுது, கொடியில துணி நனையுது பாருங்க. அக்கா இருந்தா இந்நேரம் எடுத்துப் போட்டிருப்பாங்க.”

பூபாலன் ஓடுகிற செருப்புச் சத்தம். அவன் திரும்பி வருவதற்குள் குக்கர் விசில் அடித்தது. “எத்தனை விசில்ப்பா?” “எனக்கென்ன தெரியும்?” கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். அப்பாவுக்கு மாத்திரை நேரம் வந்தது. எல்லாம் ஓய்ந்து அவன் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் வாசலில் இன்னொரு குரல்.

“ஏனுங் சாமி, வெளக்கு இன்னும் காயாவே இருக்குதுங்களா?”

“ஆமாங்க பொன்னாயிக்கா.”

“நானும் கடையில ரெண்டு டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன். பழுக்கவே மாட்டேங்குதே. மூட்டம் போட்டுப் பொகையடிச்சாத்தான் பழுக்குமாட்ட இருக்குது!”

கிருஷ்ணகுமாரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன மனு? சொல்லுங்க, நானே எழுதித் தாரேன்.”

“ஊருக்குக் கொழாயில தண்ணி வரலீங்க. நீங்க எழுதுனாலும் தண்ணி வருமுங்களா?”

“எழுதுனாக் கொழாயில வராது. ஆபீஸுல போய்க் கேட்டா வரும். உட்காருங்க.”

சிரித்து ஓய்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. ஜன்னலைத் திறந்தாள். மழை வெறித்து, பனிமூட்டம் தெருவைத் தாண்டி மெல்ல நகர்ந்தது. மேஜையில் பொன்னாயி கொடுத்த மலைவாழைப்பழம் ஒன்று இருந்தது. அதை உரித்து, நின்றபடி இல்லாமல், நடந்தபடி இல்லாமல், உட்கார்ந்து முழுவதும் தின்றாள். மேஜை மீது தலையைச் சாய்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. கண் அயர்ந்தது.

விழித்தபோது தலைக்குள் யாரோ கூட்டிப் பெருக்கிவிட்டது போல இருந்தது. மாதிரித் தேர்வுத்தாள் ஒன்றை எடுத்து எழுதினாள். விடைகளைச் சரிபார்த்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை சரிபார்த்தாள். விளக்கு வந்த நாளிலிருந்து வாங்காத மதிப்பெண். விளக்குக்கு முன்னாலும் வாங்காத மதிப்பெண்.

பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து பூங்குழலி மத்தியானத்துக்கு மேல் வந்தாள்.

“அப்பா! இது என்ன கோலம்? மேலெல்லாம் மாவு!”

“தட்டை எடு கண்ணு, சாப்பாடு போடறேன். அம்மாவுக்கு இன்னிக்குப் பழுக்கவே இல்ல.”

“காலைல இருந்தா?”

“ஆமா.”

“வழியில கேபிள் அறுந்து ஊரெல்லாம் நெட் இல்லப்பா. அந்த லைட்டு நெட்டுல தானே மாறும்? நெட் இல்லாம எப்படிப் பழுக்கும்?”

அறைக்குள் கிருஷ்ணகுமாரி புத்தகத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். அவள் எதிர்பார்த்தது கதவு படாரென்று திறப்பதை. கேட்டதோ கதவைத் தட்டும் சத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கதவைத் தட்டி வந்தது அதுதான் முதல் தடவை.

“ஏம்புள்ள, லைட்டு நின்னு போச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“எப்ப இருந்து?”

“காலைல இருந்தே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?”

“சொன்னாப் பழுத்துருமேன்னு பயந்துட்டனுங்க.”

பூபாலன் இடுப்பில் கை வைத்தான். “நல்லா இருக்குது! நான் காலைல இருந்து என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியுமா? காப்பி, சட்னி, துணி, சிலிண்டரு, மாத்திரை, மனு. ஒரு வேலை முடிஞ்சு உட்காரலாம்னா அடுத்தது வந்து நிக்குது. அஞ்சு நிமிசம், அஞ்சே நிமிசம் சேர்ந்தாப்பல உட்கார முடியல!”

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

“தெரியுமுங்க. எனக்கு அந்த அஞ்சு நிமிசத்துல தெனமும் அதுதானுங்க நடக்குது. நீங்க ரெஸ்ட்டுன்னு ஒன்னைக் குடுத்தீங்க. அது பழுத்த ஒடனே ஆளாளுக்கு ஓடியாந்து, மலை ரோட்டுல கொரங்கு பையைப் புடுங்கற மாதிரி புடுங்கிட்டுப் போயிடறீங்க. எனக்குத் தோலு கூட மிஞ்சறதில்ல.”

அவன் இடுப்பிலிருந்து கையை எடுத்தான்.

“சொல்லாமலே விட்டுரலாம்னு இருந்தேன், இப்பச் சொல்லிடறேன். நான் பரீட்சைக்குப் போறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தனுங்க. எனக்கு மூளை மழுங்கிப் போச்சுன்னு நானே நம்பிட்டேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.” விடைத்தாளை அவன் கையில் கொடுத்தாள். “நான் மக்கு இல்லீங்க. களைச்சுப் போனவ. அவ்வளவுதான்.”

பூபாலன் தாளைப் பார்த்தான். மதிப்பெண்ணைப் பார்த்தான். பிறகு தன் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தான். மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“நேத்து உன்னை என்னமோ கேட்டேனே புள்ள. மணிக்கு ரெண்டு தடவை ரெஸ்ட்டுன்னு…”

“கேட்டீங்க.”

“எனக்கு ஆபீஸுல டீ டைம்னா டீ டைம்தான். ஒருத்தன் ஃபைலைக் கொண்டாந்து நீட்டுனா, இரு, டீ குடிச்சுட்டு வாரேன்னு சொல்லிடுவேன். உனக்கு அப்படிச் சொல்ல எடமே இல்லாமப் போச்சு. வெளக்கை மாட்டுனவன் நான். வரிசையில மொத ஆளா வந்து நின்னவனும் நான்தான்.” தலையைத் தூக்காமலே சொன்னான். “மன்னிச்சுக்க புள்ள.”

வாசலில் தலையை நீட்டிய சுந்தரராஜன் தொண்டையைச் செருமினார்.

“மொத ஆளு நான்தாண்டா. காப்பி காப்பின்னு நான்தானே ஆரம்பிச்சு வச்சேன். கண்ணு, நீ படி. இனிமே எனக்குக் காப்பி வேணும்னா நானே வெச்சுக்கறேன். இவன் வெக்கற காப்பிய மட்டும் இன்னொரு தடவை குடிக்கச் சொல்லிடாத.”

முதலில் சிரித்தவள் பூங்குழலி. சிரித்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரிக்கு எப்போது அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சில் வெகு நாளாக உட்கார்ந்திருந்த கல் ஒன்று எழுந்து போனது.

“அப்பப் பரீட்சைக்குப் போறயா?” என்றான் பூபாலன்.

“போறனுங்க. நாமக்கல் பஸ்ஸுல ஜன்னல் சீட்டாப் புடிச்சுக் குடுங்க. கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தி வரும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட் வந்துவிட்டது. அறையில் விளக்கு முறைப்படி வெள்ளையாக எரிந்தது, முறைப்படி நிறம் மாறியது. மாறிய மறுகணமே ஜன்னலுக்கு வெளியே பழக்கப்பட்ட குரல்.

“அம்மிணி! பழுத்துருச்சு, வெளிய வாங்க!”

கிருஷ்ணகுமாரியின் கால்கள் பழக்க தோஷத்தில் எழப் பார்த்தன. அதற்குள் வாசல் கதவு திறந்தது. தோளில் கைத்துண்டும் கையில் கரண்டியுமாகப் பூபாலன் போய் நின்றான். மோர்க் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்த ஜாஸ்மினும் அவனைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“பொன்னாயிக்கா, பழுத்தது அவ பழமுங்க. அவதான் திங்கோணும். ரெஸ்ட்டுன்னா அவ சும்மா இருக்கறான்னு நெனச்சு, ஆளாளுக்கு நம்ம வேலைய அவ மேல எறக்கி வச்சோம். ஊட்டுப் பொம்பளைக்கு ஓய்வுன்னா வேற வேலைன்னு அர்த்தம் இல்லீங்க. ஓய்வுன்னா ஓய்வுதான். கலர் கலரா வெளக்கு வாங்கி மாட்டிட்டா ஓய்வு வந்துராது, கூட இருக்கறவங்க அவங்க அவங்க வேலையப் பாத்துக்கிட்டாத்தான் வரும். இத நானும் நேத்துத்தான் கத்துக்கிட்டேன்.”

ஜாஸ்மின் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “அண்ணா, மோரு நீங்களே ஊத்துங்க. நானும் இனிமே ஜன்னல்ல வந்து நிக்க மாட்டேன்.”

பொன்னாயி மோவாயில் கை வைத்து யோசித்தாள்.

“அதுஞ் சரிதானுங் சாமி. எம்பட ஊட்டுலயும் போய் இதயே சொல்றேன், ஒருத்தனாச்சும் கேக்கறானான்னு பாக்கலாம். ஆனா நேத்து நீங்க எழுதுன மனுவுல எம் பேரு பொன்னம்மாள்னு இருக்குதாமே. தம்பி மவ படிச்சுப்போட்டு உழுந்து உழுந்து சிரிக்கறா. தண்ணி வந்தா யாரு ஊட்டுக்குப் போகும்?”

“அய்யோ! கொண்டாங்க, மாத்தி எழுதித் தாரேன்.”

“எழுதுங்க, எழுதுங்க. அம்மிணி பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும்.”

உள்ளே கிருஷ்ணகுமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கத் துடித்த கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். ஆரஞ்சு வெளிச்சம் மேஜையிலும் மடியிலும் விழுந்து கிடந்தது. அது வெள்ளையாகும் வரை அவள் ஒன்றுமே செய்யவில்லை.